கரவன் ஷவர் மூலையில் கசிவு: பழைய சிலிக்கனைக் கழற்றிப் புதிதாகப் போட வழி சொல்லுங்கள்

விசுவமடு மெக்கானிக்

எல்லோருக்கும் வணக்கம். விசுவமடுவில் ஏ35 வீதியோரம் பட்டறை வைத்திருக்கிறேன். தண்ணீர்ப் பம்பு, லான்ட்மாஸ்டர், மோட்டார் சைக்கிள், எது வந்தாலும் கழற்றிப் பூட்டுவேன். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தைக் கழித்துப் பார்த்தாலும் 20 வருடத்துக்கு மேல் இதே தொழில்தான். இப்போது ஒரு குளியலறை மூலை என்னைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

சண்டை முடிந்து வீதி திருத்திய காலத்தில் வெளிநாட்டு ஆட்கள் தங்குவதற்கென்று கொண்டுவந்த கரவன் ஒன்று, வேலை முடிந்தபிறகு வவுனியாவில் ஒரு யார்டில் வருடக்கணக்காகக் கிடந்தது. வாகனத்தின் பின்னால் கொளுவி இழுத்துப்போகும் வகை, இங்கிலாந்தில் செய்தது. ஏலத்தில் வேறு யாரும் கேட்கவில்லை, நான் கேட்டேன். மனைவி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. பிக்கப்பில் இழுத்துக்கொண்டு வரும்போது முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்தேன். கச்சான் விற்கிற அம்மா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கடையா வீடா?" என்று கேட்டார். இன்றுவரை எனக்கும் சரியாகத் தெரியாது.

ஆசைக்கு வாங்கியதில்லை. அக்கா குடும்பம் ரொறன்ரோவில் இருக்கிறது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆவணியில் வருவார்கள். கிணற்றடியில் அள்ளிக் குளிப்பது பிள்ளைகளுக்கு முதல் நாள் விளையாட்டு, மூன்றாம் நாள் முறைப்பாடு. கரவனைப் புளியமரத்தடியில் நிறுத்திக் கிணற்றிலிருந்து குழாய் போட்டுக் கொடுத்தால் அவர்களுக்குத் தனி வீடு. ஒரு ஆள் நிற்கிற அளவில் ஷவர் இருக்கிறது. கீழே வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, சுற்றிவரப் பிளாஸ்டிக் சுவர்.

அந்தத் தட்டும் சுவரும் சேர்கிற இடத்தில்தான் பிரச்சினை. பழைய சிலிக்கன் கறுத்துப் பூஞ்சணம் பிடித்து, ஒரு பக்கம் உரிந்து தொங்கியது. மேலே கறுப்பாக இருந்ததைக் கத்தியால் சுரண்டிவிட்டு, என்னிடம் இருந்த சிவப்பு ரியூப்பைப் போட்டேன். என்ஜினுக்குக் காஸ்கட் போடும் அதே சிவப்பு. என்ஜின் சூட்டையே தாங்குகிற சாமான், குளிக்கிற தண்ணீருக்குப் பயப்படுமா என்று நினைத்தேன். இரண்டே மாதத்தில் பாம்புச் சட்டை போலக் கழன்று வந்தது. முழுதாக, ஒரே துண்டாக.

அடுத்த தடவை கவனமாகச் செய்ய நினைத்துத் தின்னரால் துடைத்தேன். துடைத்த இடத்தில் தட்டு மங்கி, விரல் ஒட்டிப் பிடித்தது. சரி, காய்ந்தால் போய்விடும் என்று விட்டுவிட்டு, கடையில் வாங்கிய வெள்ளைச் சிலிக்கனைப் போட்டேன். வினாகிரி மணம் வீட்டு வாசல்வரை வந்தது. கெதியாகக் காயட்டும் என்று பெரிய லைற்றும் காற்றாடியும் வைத்தேன். ஒரு கிழமை கழித்தும் ஒரு மூலை பிசுபிசுப்பாகவே இருக்கிறது.

இப்போது ஷவர் கதவுக்கு வெளியே கரவனின் நிலப் பலகை மெத்தை போல அமுங்குகிறது. ஈரப் புழுதி மணமும் வருகிறது. அக்கா ஆவணி முதல் கிழமை வந்து இறங்குவா. எனக்கு ஒரு மாதமும் கொஞ்சமும் இருக்கிறது. எந்த ரியூப் வாங்கவேண்டும், எப்படிப் போடவேண்டும்? யாராவது செய்தவர்கள் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் தச்சன்

தம்பி, கரவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மரத்தைப் பற்றித் தெரியும். நிலம் அமுங்குகிறது என்று கடைசியில் சொன்னீர்கள், அதை முதலில் சொல்லியிருக்கவேண்டும். ரியூப்பைத் தூக்கி ஒரு பக்கம் வையுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா? சித்திரை மழைக்குப் பிறகு எங்கள் பக்கம் ஒரு சொட்டு விழவில்லை. உங்கள் பக்கமும் அப்படித்தான் இருக்கும். அப்படியென்றால் கூரையும் யன்னலும் இப்போதைக்குக் குற்றவாளி இல்லை. மிச்சம் இருப்பது குழாய், தண்ணீர் போகும் துவாரம், அல்லது நீங்கள் சொல்லும் மூலை. மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். கூரையில் ஓட்டை இருந்தால் ஐப்பசியில் அது தானாகச் சொல்லும்.

அமுங்கும் இடத்தில் ஒரு மெல்லிய ஸ்குறூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போய் வெளியே வரும்போது நுனியில் கறுத்த தூள் ஒட்டினால் பிளைவுட் உக்கிவிட்டது, வெட்டித்தான் எடுக்கவேண்டும். குத்த விடாமல் எதிர்த்து நின்றால் மரம் இன்னும் உயிரோடிருக்கிறது. காயவிட்டால் போதும்.

குமுழமுனை – இங்கிலாந்து

அண்ணை, குமுழமுனைப் பிள்ளை நான், இப்போது இங்கிலாந்தில். பதினொரு வருடமாகக் கரவன் வைத்திருக்கிறேன். இரண்டு கரவன், மூன்று ஷவர் கசிவு. நீங்கள் செய்த பிழை எல்லாவற்றையும் நானும் செய்திருக்கிறேன், அந்தச் சிவப்பு ரியூப்பைத் தவிர. அதை வாசித்துவிட்டு மனைவிக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மன்னிக்கவேண்டும்.

முதலில் அந்தத் தட்டு என்ன பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். இங்கே செய்கிற கரவன்களில் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அச்சில் உறிஞ்சி எடுத்த தட்டுத்தான். தின்னர் பட்டதும் ஒட்டிப் பிடித்தது என்றால் உங்களுடையதும் அநேகமாக அதுவே. தின்னர், அசிற்றோன், பெற்றோல், எதையும் ஏபிஎஸ் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். கரைக்கும், அல்லது அந்த நேரம் ஒன்றும் காட்டாமல் பிறகு மயிர்க்கோடு விட்டு வெடிக்கும். துடைப்பதற்குப் பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் போதும், அதையும் முதலில் ஒளிந்த இடத்தில் தொட்டுப் பாருங்கள்.

அடுத்தது மணம். வினாகிரி மணம் வருகிற சிலிக்கன் இறுகும்போது அசற்றிக் அமிலத்தை விடுகிறது. கண்ணாடிக்கும் பளபளப்பான ரைலுக்கும் அது நல்ல சாமான். பிளாஸ்டிக்கில் அவ்வளவு நன்றாகப் பிடிக்காது, உலோகத்தையும் அரிக்கும். உங்கள் சிவப்புக் காஸ்கட் ரியூப்பும் பெரும்பாலும் அதே குடும்பம்தான். மணந்து பார்த்தால் தெரியும். உங்களுக்குத் தேவை லேபிளில் 'நியூட்ரல்' என்று போட்ட, குளியலறைக்கான, பூஞ்சணத் தடுப்பு மருந்து கலந்த சிலிக்கன். எம்எஸ் பொலிமர் என்று ஒரு வகையும் இருக்கிறது, அது பிளாஸ்டிக்கில் இன்னும் நன்றாகப் பிடிக்கும், இழுபடும். கரவனுக்கு இழுபடுவது முக்கியம் அண்ணை. வீட்டுக் குளியலறை நின்ற இடத்தில் நிற்கும். கரவன் குழியில் விழும்போது சுவர் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம் போகும்.

அண்ணை, ஒரு கேள்வி. நீங்கள் என்ஜின் ஹெட்டைக் கழற்றிவிட்டுப் பழைய காஸ்கட்டுக்கு மேலேயே புதுக் காஸ்கட்டைப் போட்டுப் பூட்டுவீர்களா?

மாட்டீர்கள். ஷவரில் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். இறுகிய சிலிக்கன்மேல் எதுவும் ஒட்டாது, புதுச் சிலிக்கனும் ஒட்டாது, பெயின்ற் ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் மிச்சம் இருந்தாலே போதும், உரிந்து வரும். ஒரு மணித்தியாலம் பூசுவதென்றால் ஒரு நாள் கழற்றுவதற்கு வையுங்கள். இரும்புக் கத்தி வேண்டாம், தட்டில் கீறல் விழும், கீறலில் அழுக்குத் தங்கும்.

லைற்றும் காற்றாடியும் வைத்தது வீண் வேலை. சிலிக்கன் பெயின்ற் போலக் காய்வதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். வெளியிலிருந்து உள்ளே, ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீற்றர் ஆழம். அங்கே இப்போது சோளகம் அடிக்கும், வரண்ட காற்று. நீங்கள் அதையும் சூடாக்கி இன்னும் வரளப் பண்ணியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு கிழமை கழித்தும் பிசுபிசுப்பு என்றால் காரணம் வேறு. ரியூப் பழசு, அல்லது கீழே தின்னரில் இளகிய பிளாஸ்டிக்.

வேலை செய்யும் சூடும் கவனம். பெரும்பாலான ரியூப்பில் 5 பாகையிலிருந்து 40 பாகை வரை என்று போட்டிருக்கும். எங்களுக்கு இங்கே கீழ் எல்லை பிரச்சினை, உங்களுக்கு மேல் எல்லை. பின்னேரம் மூன்று மணிக்கு அந்த அலுமினியப் பெட்டிக்குள் 40 தாண்டிவிடும். விடிய வேளைக்கு எழும்பிச் செய்யுங்கள்.

கடைசியாக, பாரம். மெல்லிய தட்டு, ஆள் ஏறி நின்றால் கீழே வளையும். வெறும் தட்டில் சிலிக்கன் போட்டு இறுக விட்டால், முதல் ஆள் ஏறிய உடனே மூட்டு விரிந்து கிழியும். தட்டில் பாரம் வைத்து, மூட்டு விரிந்திருக்கும்போது பூசி, இறுகும்வரை பாரத்தை எடுக்கக்கூடாது. தட்டுக்குக் கீழே வெறுமையாக இருந்தால் அதற்கும் முட்டுக் கொடுங்கள்.

அந்தத் தச்சு அண்ணை சொன்னதை நானும் சொல்கிறேன், முதலில் கசிவைக் கண்டுபிடியுங்கள். இங்கே ஒவ்வொரு வருடமும் ஈரமானி வைத்துச் சுவரையும் நிலத்தையும் பார்ப்பார்கள். 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் நிம்மதி, 20 தாண்டினால் பிரித்துப் பார்க்கவேண்டும். உங்களிடம் மீற்றர் இருக்காது. பொலித்தீன் துண்டு ஒன்றை நிலத்தில் விரித்து நாலு பக்கமும் ரேப் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் கீழ்ப்பக்கம் நீர்த்துளி பூத்திருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

விசுவமடு மெக்கானிக்

தம்பி, பழைய காஸ்கட்டுக்கு மேலே புதுக் காஸ்கட் என்று கேட்டதை என்னிடம் வேலை பழகும் பெடியனும் வாசித்துவிட்டான். இனி நான் அவனை ஏசவே முடியாது.

ஸ்குறூ டிரைவரால் குத்திப் பார்த்தேன் அண்ணை. கதவுக்கு நேரே இரண்டு சாண் அளவு இடத்தில் சுலபமாகப் போகிறது, ஆனால் கறுத்த தூள் இல்லை, வெளிறிய ஈரச் சிராய் வருகிறது. மற்ற இடம் கல்லுப் போல. இது உயிரா, செத்ததா?

ஒட்டுசுட்டான் தச்சன்

மயக்கத்தில் கிடக்கிறது. வெயிலில் போடுங்கள்.

மாங்குளம் கடைக்காரன்

ஹாட்வெயார் வைத்திருப்பவன் என்ற முறையில் ஒரு உண்மை சொல்கிறேன், கடைக்காரர்கள் கோபிக்கக்கூடாது. எங்கள் பக்கம் சிலிக்கன் ரியூப் மெதுவாகத்தான் விற்கும். கண்ணாடி அலுமாரிக்குள், வெயில் படுகிற இடத்தில் ஒரு வருடம் நிற்கும். பெரும்பாலான சிலிக்கனுக்கு ஆயுள் செய்த நாளிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம், அதுவும் குளிர்ந்த இடத்தில் வைத்தால். திகதி முடிந்த ரியூப் பார்வைக்குப் புதுசு போலவே வரும், ஆனால் இறுகாது. அடியில் அச்சடித்த திகதியைப் பாருங்கள். பார்த்த பிறகும், ஒரு பொலித்தீன் துண்டில் விரல் நீளத்துக்குப் பிதுக்கிவிட்டு ஒரு நாள் விடுங்கள். அடுத்த நாளும் ஒட்டினால் ரியூப்பைத் தூக்கி எறியுங்கள். அதை வைத்து ஷவரில் பரிசோதனை செய்யவேண்டாம்.

நியூட்ரல் சிலிக்கன் கிடைக்கவில்லை என்றால் அலுமினியக் கதவு, யன்னல் செய்கிற பட்டறைகளில் விசாரியுங்கள். அலுமினியத்தை அரிக்காது என்பதால் அவர்கள் அதைத்தான் பாவிப்பார்கள், அவர்களிடம் பழைய சரக்கும் தேங்காது. ஆனால் அது வெளி வேலைக்கானது, பூஞ்சணத் தடுப்பு இருக்காது. குளியலறைக்கென்று போட்டது வேண்டுமென்றால் வவுனியா, இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து எடுப்பிக்கவேண்டும்.

முள்ளியவளை ரீச்சர்

தம்பிமார் எல்லோரும் ஒட்டுவதைப் பற்றிக் கதைக்கிறீர்கள். எனக்குக் கழுவுவதைப் பற்றித்தான் கவலை. நான் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள், ஆகவே பொறுத்துக்கொள்ளவேண்டும்.

பூஞ்சணத்தைக் கொல்ல இவர் அநேகமாகக் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளைத்தான் எடுப்பார், கையில் இருப்பது அது. தட்டில் படிந்திருக்கும் வெள்ளைக் கல்லைப் போக்கக் கழிவறை கழுவும் அசிட்டை எடுப்பார். இரண்டும் சந்திக்கக்கூடாது. குளோரின் தூளும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். வெட்ட வெளியிலேயே அது ஆபத்து. நீங்கள் நிற்கப்போவது ஒரு அலுமாரி அளவு ஷவருக்குள். வினாகிரியும் தேசிக்காயும் அமிலம்தான், அதையும் மறக்கவேண்டாம்.

ஆகவே முதல் நாள் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துக் கல்லைக் கரையுங்கள். எங்கள் கிணறுகளில் கேத்திலின் அடியில் படிகிற அதே கல்தான் அது, சுண்ணாம்பு, அதற்குத் தேசிக்காய் போதும். கல்லுக்கு மேலே சிலிக்கன் போட்டால் அது கல்லில்தான் ஒட்டும், தட்டில் ஒட்டாது. பிறகு நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிடுங்கள். அடுத்த நாள் குளோரின் தூளைத் தண்ணீராகக் கரைத்துத் துணியால் பூசி, கதவு, யன்னல் திறந்து வைத்து, மறுபடி கழுவிக் காயவிடுங்கள். ஒரு நாள் இடைவெளி கட்டாயம். கையுறையும் கட்டாயம். மெக்கானிக்குகள் கையுறை போடுவதில்லை என்று எனக்குத் தெரியும்.

விசுவமடு மெக்கானிக்

எல்லோருக்கும் நன்றி. இடையில் பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. வேலை முடிந்தது, நடந்ததைச் சொல்கிறேன், அடுத்து யாராவது தேடி வந்தால் உதவும்.

முதலில் பம்பு. கரவனுக்குள் இருப்பது 12 வோல்ற் பம்பு, குழாயில் அமுக்கம் குறைந்தால் தானாக ஓடும். தண்ணீர் திறக்கும் எல்லா பைப்பையும் பூட்டிவிட்டு இரவு முழுக்கப் பம்பை ஓன் பண்ணி விட்டேன். உள்ளே எங்காவது ஒழுகினால் இடைக்கிடை 'டுர்ர்' என்று ஓடவேண்டும். ஓடவில்லை. சரி, குழாய் நிரபராதி.

அடுத்தது தட்டு. துவாரத்தைத் துணி வைத்து அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, உடுப்புக்குப் போடும் நீலம் கரைத்தேன். தண்ணீர் மட்டத்தில் ரேப் ஒட்டி அடையாளம் வைத்தேன். பூசிய மூட்டு இந்த மட்டத்துக்கு மேலே. ஆகவே தண்ணீர் இறங்கினால் பழி சிலிக்கனில் இல்லை. விடிய எழும்பிப் பார்த்தால் அரை விரல் இறங்கியிருந்தது. கரவனுக்குக் கீழே ஊர்ந்து போய் ரோச் அடித்தேன், நிலப் பலகையின் அடியில் நீலச் சொட்டு. இரண்டு தடவை சிலிக்கன் போட்டு, இரண்டு தடவை தோற்று, கடைசியில் தண்ணீர் போனது நான் பார்க்காத இடத்தால்!

பழைய சிலிக்கன் முழுவதையும் கழற்றினால்தான் தட்டைத் தூக்கலாம். கழற்றுவதற்குப் பனைமட்டையைச் சீவி உளி மாதிரி ஒரு சாமான் செய்தேன். கடையில் விற்கும் பிளாஸ்டிக் சுரண்டியை விட நல்லது, விளிம்பு மழுங்கினால் திரும்பச் சீவலாம், தட்டில் கோடு விழவில்லை. மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சவர அலகால் மெதுவாக அறுத்து, நடுவில் மட்டையைச் செருகித் தள்ள, நீளமாக வந்தது. அது சுலபமான பகுதி. மிச்சப் படலம்தான் உயிரை எடுத்தது. விரல் நுனியால் தடவினால் ரப்பர் போல வழுக்காமல் நிற்கிற இடமெல்லாம் சிலிக்கன். தடவுவது, உருட்டுவது, ஸ்பிரிட்டால் துடைப்பது, திரும்பத் தடவுவது. பெடியனும் நானும் மாறி மாறி ஒன்றரை நாள். தம்பி ஒரு நாள் என்று சொன்னது குறைவு.

தட்டைத் தூக்கினால், தண்ணீர் போகும் துவாரத்தின் பக்கத்தில் ஒரு சாணில் பாதி நீளத்துக்கு மயிர்க்கோடு. நடுவில் முட்டு ஒன்றும் இல்லை, வெறுமை. ஆள் ஏறி இறங்கும்போதெல்லாம் வளைந்து வளைந்து வெடித்திருக்கிறது. என் தின்னரும் அதற்கு உதவியிருக்கும், ஏனென்றால் நான் துடைத்த பக்கத்துக்குத்தான் கோடு ஓடியிருந்தது.

வெடிப்பைப் பூட்டியது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அது முழுக்க எங்கள் பட்டறை வேலை. கோட்டின் இரண்டு முனையிலும் 3 மில்லிமீற்றர் துளை போட்டேன், இனி மேலும் ஓடாமல் இருக்க. வார்ப்பிரும்பில் வெடிப்பு ஓடினாலும் இதைத்தான் செய்வோம். பிறகு ஏபிஎஸ் தேடினேன். பட்டறை மூலையில் உடைந்த மோட்டார் சைக்கிள் பக்க மூடிகள் குவிந்து கிடக்கின்றன, பின்பக்கத்தில் எந்தப் பிளாஸ்டிக் என்று அச்சடித்திருக்கும். ஏபிஎஸ் என்று போட்ட வெள்ளை மூடி ஒன்றைச் சிறு துண்டாக நறுக்கி, கண்ணாடிப் போத்தலில் அசிற்றோன் ஊற்றி மூடி வைத்தேன். அடுத்த நாள் கூழ் போல ஆகிவிட்டது. தட்டைக் கவிழ்த்து, அடிப்பக்கம் உரஞ்சி, அந்தக் கூழைப் பூசி, பைபர் துணி ஒன்று வைத்து, மேலே இன்னொரு பூச்சு. கெடுத்த சாமானின் தம்பிதான் திருத்தியது. ஆனால் பழகாதவர்கள் கவனம். அசிற்றோன் சும்மா நெருப்புப் பிடிக்கும், குசினிக்குப் பக்கத்தில் வேண்டாம், கூழையும் மெல்லிசாகப் பூசுங்கள், தடிப்பாகப் போட்டால் தட்டையே இளக்கிவிடும்.

நிலம். கரவன் நிலம் ஒரு சான்ட்விச், மேலும் கீழும் பிளைவுட், நடுவில் ரிஜிபோம் என்கிற பாரமில்லாத வெள்ளை நுரைப் பலகை. மேல் பலகை ஈரத்தில் ரிஜிபோமை விட்டுக் கழன்றிருந்ததால்தான் மெத்தை போல அமுங்கியது. தட்டு இல்லாமல் கதவு, யன்னல் எல்லாம் திறந்து, சோளகத்துக்கு நேரே கரவனைத் திருப்பி நிறுத்தினேன். ஒன்பதாம் நாள் பொலித்தீன் துண்டில் துளி பூக்கவில்லை. மயக்கம் தெளிந்துவிட்டது அண்ணை. பிறகு சிறு சிறு துளை போட்டு எபொக்சியை ஊசியால் ஏற்றி, மேலே பலகை வைத்துப் பாரம் ஏற்றி ஒரு இரவு விட்டேன். இப்போது குதித்தாலும் அமுங்கவில்லை. புழுதிதான் கரவன் முழுக்க. மனைவி அதைத் துடைக்க எனக்கு இரண்டு நாள் வேலை தந்தா.

தட்டுக்குக் கீழே முட்டுக் கொடுக்க முதலில் முதிரை மரத் துண்டு எடுத்தேன். தூக்கிப் பார்த்தால் தட்டை விட அது பாரம். பிளைவுட் கீற்றுகளாக மாற்றிவிட்டேன்.

ரியூப் வவுனியாவில் வாங்கினேன், நியூட்ரல், குளியலறைக்கானது. கடைக்காரர் சொன்னபடி முதலாவது ரியூப்பைப் பொலித்தீனில் பிதுக்கிப் பார்த்தேன், அடுத்த நாள் இறுகியிருந்தது. வீட்டில் கிடந்த பழைய வெள்ளை ரியூப்பையும் பக்கத்திலேயே பிதுக்கினேன், அது மூன்று நாள் கழித்தும் அல்வா. திகதி பார்த்தேன், சொல்ல வெட்கம்.

ரீச்சர், கையுறை போட்டேன். தேசிக்காய் ஒரு நாள், குளோரின் ஒரு நாள். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் யோசிக்கிறேன், கழிவறை அசிட்டுப் போத்தலை நான் ஏற்கனவே கரவன் படியில் வைத்திருந்தேன்.

பூசிய நாள் விடிய ஐந்தரைக்கு ஆரம்பித்தேன். 20 லீற்றர்க் கான் மூன்று நிரப்பித் தட்டில் வைத்தேன், 60 கிலோ. மூட்டு ஒரு நூல் அளவு விரிந்ததைக் கண்ணால் பார்த்தேன். அத்தான் 60 கிலோ இல்லை, ஆனால் நாலாவது கானுக்கு இடமில்லை. மூட்டின் மேலும் கீழும் மாஸ்கிங் ரேப். ரியூப் மூக்கைச் சரிவாக, மூட்டை விடச் சற்றுப் பெரிதாக வெட்டினேன். இடையில் நிற்காமல் ஒரே இழுவை, மூலையிலிருந்து மூலைக்கு. நிறுத்தி ஆரம்பித்த இடத்தில்தான் எப்போதும் ஓட்டை வரும், இது காஸ்கட்டிலும் அப்படித்தான். சவர்க்காரத் தண்ணீரில் விரலை நனைத்து ஒரு தடவல். உடனே ரேப்பை உரித்தேன். தோல் கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் ரேப்போடு விளிம்பும் வரும். முதல் பக்கத்தில் அதுதான் நடந்தது, அந்தத் துண்டு இன்னும் கொஞ்சம் பல் போல இருக்கிறது. கதவுக்குப் பின்னால் என்பதால் விட்டுவிட்டேன்.

நாலு நாள் பாரத்தை எடுக்கவில்லை, ஒருவரையும் உள்ளே விடவில்லை. சோளகம் வரட்டுகிறது என்று சொன்னதால் ஷவருக்குள் ஒரு வாளி தண்ணீர் வைத்து, ஈரத் துவாயும் தொங்கவிட்டேன். அது உதவியதோ என் மனத் திருப்தியோ, தெரியாது.

இப்போது இரண்டு கிழமையாக நானும் பெடியனும் வேண்டுமென்றே அதற்குள்தான் குளிக்கிறோம். கிணறு இருக்க இவர்களுக்கு என்ன பைத்தியம் என்று மாமி பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறா. நேற்றும் பொலித்தீன் ஒட்டிப் பார்த்தேன், கீழ்ப்பக்கம் காய்ந்துதான் இருக்கிறது.

குமுழமுனை – இங்கிலாந்து

அண்ணை, அருமை. ஒன்பது நாளில் நிலம் காய்ந்ததா? இங்கே எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஹீட்டர் வைத்தும் காயவில்லை. ஒரே ஒரு விசயம், ஐப்பசி மழைக்கு முன் கூரையில் இருக்கும் காற்று வாங்கியின் விளிம்பையும் பாருங்கள். அதற்குச் சிலிக்கன் போடவேண்டாம், இறுகாத பியூட்டைல் ரேப் போடுங்கள். வெளியே ஒரு தடவை சிலிக்கன் போட்டால் பிறகு அந்த விளிம்பில் எதுவும் ஒட்டாது, நீங்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். நீலத் தண்ணீர் தட்டில் கறை வைக்கவில்லையா?

விசுவமடு மெக்கானிக்

வைத்திருக்கிறது தம்பி. தின்னர் பட்டு மங்கிய இடத்தில் மட்டும் மெல்லிய நீலம், முல்லைத்தீவுக் கடல் மாதிரி. தேய்த்தும் போகவில்லை. அக்கா கேட்டால் அது டிசைன் என்று சொல்லப்போகிறேன்.